பூட்டுக்காகக் காத்திருக்கிறது

காலை எட்டேகால் மணிக்கு அந்த வரி திரையில் வந்து உட்கார்ந்தது. ஒன்பது ஆகப் போகிறது, இன்னும் எழுந்திருக்கிற வழியாக இல்லை.

'பூட்டுக்காகக் காத்திருக்கிறது. பூட்டை வைத்திருக்கும் வேலை: 4127.'

அதன் ஓரத்தில் நொடிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டாயிரத்து நானூறு, இரண்டாயிரத்து நானூற்று ஒன்று. மற்றபடி அசைவே கிடையாது. கம்ப்யூட்டரம்மா இரண்டாவது டீயையும் குடித்து முடித்துவிட்டாள்.

கம்ப்யூட்டரம்மா என்பது அந்தத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் எல்லோருமாகச் சேர்ந்து அவளுக்கு வைத்த பெயர். வயது முப்பத்தெட்டுதான், அம்மா என்று கூப்பிடுகிற வயதா அது? ஆனால் மாடியில் கட்டுப்பாட்டு அறையில் தனியாக உட்கார்ந்து ஆறு கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவதென்று யாருக்கும் தோன்றவில்லை. அவளும் விட்டுவிட்டாள்.

விஷயம் இதுதான். புது மென்பொருளை இறக்கி, பிரித்து, அதற்கென்று இடம் பார்த்து உட்கார வைக்க அந்தக் கம்ப்யூட்டரில் பேக்கேஜ் மேனேஜர் என்று ஒன்று உண்டு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அதில் கை வைத்தால் எல்லாம் குழம்பிப் போகும். அதனால் முதலில் வேலையைத் தொடங்குகிறவர் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்வார். அடுத்து வருகிறவர் வெளியே நிற்க வேண்டியதுதான், வீட்டுக் குளியலறைக்கு வெளியே நிற்கிற மாதிரி. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் உள்ளே இருப்பது யார்? அறையில் அவளைத் தவிர ஈ காக்கை கிடையாது. அந்தக் கம்ப்யூட்டரின் கடவுச்சொல் அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அப்படியிருக்க, அவளுக்கு முன்னால் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டு, கூப்பிட்டாலும் குரல் கொடுக்காமல் உட்கார்ந்திருக்கிறது ஏதோ ஒன்று.

மேஜை மேலிருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது.

"பாப்பா, பலகை இருட்டா இருக்கு. எண்ணே வரல."

கீழே குளோரின் அறை வாசலிலிருந்து அவளுடைய அண்ணன்.

"தெரியும்ண்ணே. புதுசு போட்டுட்டிருக்கேன். கொஞ்சம் பொறுங்க."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்து நிமிஷம்," என்றாள். பொய்தான். பத்து நிமிஷமா பத்து மணி நேரமா என்று அவளுக்கே தெரியாது.

அன்றைக்குப் போட வேண்டியது குளோரின் அலாரத்தின் புதிய பதிப்பு. ஊருக்குப் போகிற தண்ணீரில் கிருமி சாகக் குளோரின் கலப்பார்கள். இரும்பு சிலிண்டர்களில் வாயுவாக அடைத்து வருகிற சரக்கு அது. தண்ணீரில் கலந்தால் மருந்து, நெஞ்சுக்குள் போனால் ஆளை முடித்துவிடும். அதனால் சிலிண்டர்கள் இருக்கும் அறைக்குள் இரண்டு சென்சார்கள், கதவருகே எண் காட்டும் ஒரு பலகை, கூரையில் ஒரு சைரன். இவை மூன்றையும் ஓட்டுவது மாடியில் இருந்த இந்தக் கம்ப்யூட்டர். பதினொரு மணிக்குச் சிலிண்டர் மாற்றுகிற வேலை இருந்தது. அதற்குள் புதுப் பதிப்பைப் போட்டு முடித்துவிடலாம் என்றுதான் அவள் எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்தாள்.

சாதாரண நாளாக இருந்தால் பலகை இருட்டாக இருப்பதைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்ள மாட்டார்கள். ஏனென்றால் அந்த நிலையத்தில் பலகைக்கு மேலே ஒரு சோதனை உண்டு. எந்தப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம் அது. சிலிண்டர் அறைக்குள் போகும் முன் அங்கே மூத்த ஆள் கதவை ஒரு சாண் திறப்பார், முகத்தை இடுக்கில் வைத்து நன்றாக மூச்சை இழுப்பார், 'சுத்தம்' என்பார். அந்தச் சொல் வந்த பிறகுதான் மற்றவர்கள் உள்ளே நுழைவார்கள், முகமூடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு. முகமூடியைப் போட்டால் மரையே கண்ணுக்குத் தெரியவில்லை என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

அந்த மூத்த ஆள் அவளுடைய அண்ணன். முப்பது வருஷமாகக் குளோரினோடு குடித்தனம் நடத்துகிறவர். ஒரு தடவை சாப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தவர், சட்டென்று எழுந்து நின்று, "மூணாம் நம்பர் சிலிண்டர் கசியுது" என்று சொல்லிவிட்டு ஓடினார். சாப்பாட்டு அறைக்கும் சிலிண்டர் அறைக்கும் நடுவே இருநூறு அடி இருக்கும். போய்ப் பார்த்தால் மூன்றாம் நம்பரேதான்! அன்றிலிருந்து அவருக்கு மூக்கண்ணன் என்று பெயர். இன்ஜினியர் முதல் தோட்டக்காரர் வரை எல்லோருக்கும் மூக்கண்ணன்தான்.

மூக்கண்ணனுக்கு ஒன்றரை வருஷமாக எந்த வாசனையும் தெரியாது.

ஒரு காய்ச்சல் வந்தது, ஒரு வாரத்தில் போனது, போகும்போது வாசனையையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. தங்கச்சி வீட்டுக்கு வந்திருந்தபோது அவளிடம் மாட்டிக்கொண்டார். அடுப்பில் பால் பொங்கி, தீய்ந்து, வீடே புகையாக இருக்கிறது, மனிதர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் ஓடிவந்து அடுப்பை அணைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். ஒளிக்க முடியவில்லை.

"யார்கிட்டயும் சொல்லிடாத பாப்பா. ரிட்டயர் ஆக இன்னும் மூணு வருஷம்தான். தெரிஞ்சா நாளைக்கே கேட்டுக்கு வெளிய நிறுத்திடுவாங்க. மாப்ளகிட்டயும் சொல்லாத. அவன் நல்லவன்தான், ஆனா வாய் நிக்காது."

மாப்பிள்ளை என்று அவர் சொன்னது அவளுடைய கணவனை. அதே நிலையத்தில் அவன் ஃபிட்டர். சிலிண்டர் மாற்றும்போது மூக்கண்ணனோடு உள்ளே போகிற இரண்டாவது ஆள் அவன்தான்.

அவள் சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமா? சுவரில் எங்கோ கிடந்த பலகையைக் கதவு நிலைக்குப் பக்கத்தில் மாற்றி வைத்தது அவள்தான். "எல்லாருக்கும் வசதியா இருக்கும் சார்," என்று இன்ஜினியரிடம் சொல்லிக்கொண்டாள். அண்ணன் இடுக்கில் முகத்தை வைத்து மூச்சை இழுக்கும்போது ஓரக்கண்ணால் பலகையைப் பார்த்துக்கொள்ளலாம். அதுவும் போதாதென்று, அலாரம் செய்த நிறுவனம் 1.0 என்று வைத்திருந்த எச்சரிக்கை அளவை யாரிடமும் கேட்காமல் 0.3 ஆகக் குறைத்துவிட்டாள். ஒரு துளி கசிந்தால்கூட பலகை சிவப்பாகும், அண்ணன் 'இருங்க இருங்க, ஏதோ வாடை அடிக்குது' என்பார், எல்லோரும் பிரமித்துப் போவார்கள். ஒன்றரை வருஷமாக அவருடைய மூக்கு இந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது.

இப்போது அந்த மூக்கை 4127 என்ற ஒன்று பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது.

அவள் அந்த எண்ணைத் தேடிப் பார்த்தாள். காலை ஆறு மணிக்குத் தொடங்கிய வேலை. யாரும் தொடங்கவில்லை, கம்ப்யூட்டரே தானாகத் தொடங்கியிருக்கிறது. நிறுவனம் புதுப் பதிப்பை வெளியிட்டதும் தானாக இறக்கிப் போட்டுக்கொள்ளும் ஏற்பாட்டை எப்போதோ செய்துவிட்டு அவள் மறந்தே போயிருந்தாள். அதன் குறிப்பேட்டைத் திறந்தாள். கடைசியில் இரண்டே வரிகள்.

'பழைய அலாரம் நிறுத்தப்பட்டது.'

'புதிய அலாரம் அமைக்கப்படுகிறது.'

அதற்குப் பிறகு வெற்றிடம். மூன்று மணி நேரமாக ஒரு எழுத்துகூட இல்லை.

 அப்படியானால் ஆறு மணியிலிருந்து அந்த அறையைப் பார்க்க ஆளே இல்லை. பழையதை எழுப்பி அனுப்பியாகிவிட்டது, புதியது வந்து உட்காரவில்லை, நாற்காலி காலி. இந்த வேலை செத்துப் போயிருந்தால் பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் போகலாம். சாகவும் இல்லை. உயிரோடுதான் இருக்கிறது, எதற்காகவோ காத்துக்கொண்டு, கல்லுளிமங்கன் மாதிரி.

அதோடு மல்லுக்கட்டியதில் மணி பத்தாகிவிட்டது. வாக்கியில் இன்ஜினியரின் குரல் வந்தது. அந்த மனிதர் பேசினாலே பின்னால் ஒரு தொலைபேசி அடிக்கும்.

"மூக்கண்ணே, ஓடுற சிலிண்டர் காலியாகுதுன்னு காட்டுது. பதினொண்ணுக்கு மாத்தலன்னா ஊருக்கு வெறும் தண்ணிதான் போகும். என்ன தாமதம்?"

"பலகை வரல சார்," என்றார் அண்ணன்.

"அட, பலகை கெடந்துட்டுப் போகுது. உங்க மூக்கு இருக்கும்போது பலகை எதுக்கு?"

"இல்ல சார், விதின்னு ஒண்ணு இருக்கே."

"நீங்க எப்ப இருந்து விதி பாக்க ஆரம்பிச்சீங்க?" இன்ஜினியர் சிரித்தார். கூடவே ஃபிட்டரும் சிரிப்பது கேட்டது. "மச்சானுக்கு வயசாகுது சார், பயம் வந்துருச்சு," என்றான் அவன்.

அண்ணன் சிரிக்கவில்லை.   அலாரம் செய்த நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு அவள் போன் போட்டாள். இருபது நிமிடம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு ஒருவர் வந்தார். குரலில் அவசரம்.

"4127-ஆ? கொன்னுடுங்க மேடம்."

"உயிரோட இருக்கே. எதுக்கோ காத்துட்டிருக்கு."

"எதுக்கா இருந்தா என்ன? நாள் முழுக்க பாத்துட்டு உக்காந்திருப்பீங்களா? கொல்லுங்க, பூட்டு தானா விடும். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

இன்னொருவர் போட்ட பூட்டில் கை வைக்கக் கூடாது என்பது அந்த நிலையத்தில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம். வால்வை மூடிவிட்டு வேலை செய்கிறவன் அதில் தன் பூட்டைப் போட்டுச் சாவியைப் பையில் வைத்துக்கொள்வான். அவனே வந்து திறக்கும்வரை இன்ஜினியரானாலும் தொட முடியாது. புதிதாக வருகிறவர்களுக்கு அதை நடத்திக் காட்டுகிறவன் அவளுடைய கணவன். ஆனால் அது இரும்பு, இது வெறும் எழுத்து என்று அவள் தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். கொல்லும் கட்டளையை அடித்தாள். 4127 அடங்கியது. பூட்டும் விட்டது.

அலாரத்தைப் போடும்படி மறுபடியும் சொன்னாள். பேக்கேஜ் மேனேஜர் முரண்டு பிடித்தது. 'முந்தைய வேலை பாதியில் நின்றுவிட்டது. அதை முதலில் முடிக்கவும்.' சரி, முடி என்று அதற்கான கட்டளையைக் கொடுத்தாள். இரண்டு நொடி ஓடியது. பிறகு திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது.

'செட்டிங்ஸ் கோப்பு உங்களால் மாற்றப்பட்டிருக்கிறது. உங்களுடையதையே வைத்துக்கொள்ளவா? புதியதைப் போடவா?'

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. 4127 காத்திருந்தது இதற்குத்தான். காலை ஆறு மணிக்கு யாருமில்லாத அறையில், அணைந்து கிடந்த திரைக்குப் பின்னால், இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்கு உட்கார்ந்திருந்தது. பாவம், அதன் மேல் ஒரு தப்பும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்ல ஆளில்லாததால் நாலு மணி நேரத்துக்கு மேல் வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

"என்ன கேக்குது?" என்றார் போனில் இருந்தவர்.

அவள் வாசித்தாள்.

"மாத்தியிருக்கீங்களா? என்ன மாத்தினீங்க?"

இதற்கு ஒரு நேரான பதில் இருந்தது. எச்சரிக்கை அளவைக் குறைத்தேன் என்று சொன்னால் போதும். ஆனால் ஏன் குறைத்தாய், யார் அனுமதி கொடுத்தது, எங்கே அந்தக் கடிதம் என்று அடுத்தடுத்து வருமே? இன்ஜினியருக்கு ஒரு மின்னஞ்சல் போகும். இன்ஜினியர் அண்ணனைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். அவள் மென்று விழுங்கினாள்.

"ஒண்ணுமில்ல... சின்னதா ஏதோ. ஞாபகம் இல்ல."

"அப்போ புதுசையே போடுங்க. பழசும் புதுசும் கலந்து ஏதாவது ஆச்சுன்னா எங்களால பொறுப்பேத்துக்க முடியாது. பாத்துக்கங்க."

புதியதைப் போட்டாள். 0.3 என்கிற ஒரு எண்தானே, பிறகு கையால் எழுதிக்கொண்டால் போயிற்று என்று நினைத்தாள். மளமளவென்று வரிகள் ஓடின. ஒரு தடங்கல் இல்லை. 'முடிந்தது' என்று வந்தது. திரையின் மூலையில் பச்சைக் கட்டம் மலர்ந்தது. முதல் சென்சார் 0.0, இரண்டாவது சென்சார் 0.1.

அப்பாடா! போனை வைத்துவிட்டு உடனே செட்டிங்ஸைத் திறந்தாள். எச்சரிக்கை அளவு 1.0 என்றிருந்ததை 0.3 ஆக்கினாள். சேமித்தாள். அவள் தேடி வந்தது அந்த ஒரு வரியைத்தான். கிடைத்தது, திருத்தியாகிவிட்டது, கோப்பை மூடினாள். அதற்குக் கீழே இன்னும் நாற்பது வரிகள் இருந்தன. சைரனின் சோதனைப் பொத்தானை அழுத்தினாள். கூரையில் சைரன் ஊளையிட்டு நின்றது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

"அண்ணே, பச்சை," என்றாள் வாக்கியில்.

"வந்துருச்சு பாப்பா, பாத்துட்டேன்." அவர் குரலில் இருந்த நிம்மதி அவளுக்கு மட்டும்தான் தெரியும். பிறகு கதவு கிறீச்சிடுவது கேட்டது. மூச்சை இழுக்கும் சத்தமும் கேட்டது. அந்த நாடகத்தை அவர் என்றைக்கும் குறைத்ததில்லை.

"சுத்தம்," என்றார் மூக்கண்ணன்.

அப்போது மணி பத்து ஐம்பது.

சிலிண்டர் மாற்றும்போது இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு சென்சார் எண்களையும் மாடியில் ஒரு நோட்டில் எழுத வேண்டும். அதுவும் பழைய வழக்கம்தான். எல்லாமே கம்ப்யூட்டரில் பதிவாகும்போது நோட்டு எதற்கென்று அவளே பல தடவை சண்டை போட்டிருக்கிறாள், யாரும் கேட்கவில்லை. வழக்கம் போல முணுமுணுத்துக்கொண்டே எழுதினாள். 0.0, 0.1. அடுத்து 0.1, 0.0. அடுத்து 0.2, 0.1.

வாக்கியின் பொத்தான் ஃபிட்டரின் இடுப்பில் அவ்வப்போது அழுந்தியிருக்க வேண்டும். அவர்கள் பேசுவது மாடி வரை கேட்டது.

"மச்சான், லேசா ஒரு மாதிரி அடிக்குதே."

"எங்க?"

"கீழ குனிஞ்சா தெரியுது."

 அண்ணன் கதவுப் பக்கம் போய்ப் பலகையை எட்டிப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அவளும் திரையைப் பார்த்தாள். 0.0, 0.1. பச்சை.

"ஒண்ணுமில்ல மாப்ள. பழைய சிலிண்டரக் கழட்டினா கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். நான் பாத்துட்டேன், சுத்தம்."

"நீங்க சொன்னா சரி. உங்க மூக்குல படலைன்னா அது வாடையே இல்ல," என்று ஃபிட்டர் சிரித்தான். சிரிப்பின் முடிவில் ஒரு இருமல் வந்தது.

 நோட்டில் எழுதினாள். 0.0, 0.1. அடுத்த முறை 0.1, 0.0. அதற்கடுத்து 0.2, 0.1. எழுதி முடித்துவிட்டுப் பேனாவை வைக்கப் போனவள், வைக்கவில்லை. ஆறு வரிகள் எழுதியிருந்தாள். மேலே மூன்று, கீழே மூன்று. கீழே இருந்த மூன்றும் மேலே இருந்த மூன்றேதான்.

தற்செயலாக இருக்கலாம். பழைய பக்கங்களைப் புரட்டினாள். போன வாரம், அதற்கு முந்தைய வாரம், போன மாதம். இரண்டாவது சென்சார் பழசாகிப் போனது, 0.1-க்குக் கீழே அது இறங்கியதே கிடையாது. ஒரு பக்கத்திலும் அதற்கு 0.0 இல்லை. இன்றைக்கு இரண்டு தடவை இருக்கிறது.

செட்டிங்ஸை மறுபடி திறந்தாள். 0.3-ஐத் தாண்டிக் கீழே போனாள், இன்னும் கீழே.  முப்பத்தோராவது வரியில் இருந்தது. 'சென்சார்கள் இணைக்கப்படும் வரை ஒத்திகை எண்களைக் காட்டவும்: ஆம்.'

ஐயோ! ஒத்திகை. பலகை காட்டிக்கொண்டிருந்த எண்கள் அறையிலிருந்து வரவே இல்லை. அலாரம் தானே இட்டுக்கட்டிக்கொண்ட எண்கள் அவை. அவளுடைய பழைய கோப்பில் சென்சார்கள் பெயர் பெயராக இணைக்கப்பட்டிருந்தன. அதைத்தான் அவள் தன் கையாலேயே தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை வாங்கிக்கொண்டாள்.

"வெளிய வாங்க!" வாக்கியில் கத்தினாள். "ரெண்டு பேரும் உடனே வெளிய வாங்க! எண் பொய்! பலகையப் பாக்காதீங்க!"

"என்ன பாப்பா?" என்றார் அண்ணன். "பச்சையாத்தானே இருக்கு?"

"பொய்ண்ணே! எல்லாம் பொய்! வாங்க!"

"புது சிலிண்டர வச்சாச்சு. வாஷர் மட்டும் உக்காரணும். ஒரு நிமிஷம் முடுக்கிட்டு வந்துடறோம், இல்லன்னா இதுவே கசியும்."

"என்னங்க! நீங்களாவது சொல்லுங்க, அவரக் கூட்டிட்டு வாங்க!"

"ஏன் இப்படிக் கத்துற?" என்றான் அவள் கணவன். நடுவில் மறுபடி இருமினான். "மச்சான் மோந்து பாத்துட்டுதான் உள்ள வந்தாரு. பலகை பொய் சொன்னாலும் அவர் மூக்கு பொய் சொல்லாது. ஒரு நிமிஷம் இரு."

அந்த வாக்கி அலைவரிசையில் இன்ஜினியர் இருந்தார். பம்பு அறை இருந்தது, ஆய்வகம் இருந்தது, வாயில் காவலாளி இருந்தார். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் பொத்தானை அழுத்தினாள்.

"அவர் மூக்கு வேலை செய்யாதுங்க! ஒன்றரை வருஷமா வாசனையே தெரியாது! காய்ச்சலோட போயிடுச்சு! அவர் பலகையப் பாத்துதான் சொல்றாரு! வாங்கங்க, வாங்க!"

 ஸ்பேனர் ஒன்று தரையில் விழுந்த சத்தம். பிறகு இருமல், ஒருவருடையது இல்லை, இருவருடையது.

முப்பத்தோராவது வரியில் 'ஆம்' என்பதை 'இல்லை' ஆக்கி, சென்சார்களைக் கோத்து, அலாரத்தைத் திரும்பத் தொடங்கிவிட்டுத்தான் அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். படியில் பாதி இறங்கும்போது சைரன் அலறத் தொடங்கியது. இந்த முறை அது நிற்கவில்லை.

வடிகட்டித் தொட்டிகளின் ஓரமாக ஓடினாள். சிலிண்டர் அறையின் கதவு விரியத் திறந்து கிடந்தது. பலகையில் சிவப்பில் 6.4 என்று இருந்தது, பார்க்கும்போதே 6.9 ஆனது. ஃபிட்டர் அண்ணனின் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்பக்கமாக இழுத்து வந்துகொண்டிருந்தான். அவன் கண் இரண்டிலும் நீர் கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் கடைசி வரை குனிந்து நின்று முடுக்கிக்கொண்டிருந்திருக்கிறார், காற்றைவிடக் கனமான வாயு தரையோடு தேங்கிக் கிடந்த இடத்தில். தொண்டை எரிய ஆரம்பித்த பிறகுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவளைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாயில் நுரைதான் வந்தது.

புது சிலிண்டரில் ஒரு கோளாறும் இல்லை. மூலையில் சும்மா நிறுத்தி வைத்திருந்த மூன்றாவது சிலிண்டரின் வால்வுதான் விடியற்காலையிலிருந்து கசிந்துகொண்டிருந்தது. முதுகில் காற்று சிலிண்டர் மாட்டிய ஆட்கள் உள்ளே போய் அதை அடைத்துவிட்டு வந்து சொன்னார்கள்.

மருத்துவமனையில் அண்ணனை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ரெண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும், நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார் டாக்டர். இன்ஜினியர் வாசல் வரை வந்தார், அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். நடைக்கூடத்து பெஞ்சில் ஃபிட்டர் உட்கார்ந்திருந்தான். கண்ணைக் கழுவி மருந்து போட்டு விட்டிருந்தார்கள், சிவந்து வீங்கியிருந்தது. அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையைத் தொடப் போனாள். அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"தண்ணி வேணுமா?" என்று கேட்டாள்.

அவன் தலையை அசைத்தான். தொண்டை கட்டிப் போயிருந்தது, பேச்சு காற்றாகத்தான் வந்தது.

"ஒன்றரை வருஷம்னு சொன்ன."

"ஆமா."

"உனக்கும் அப்பவே தெரியுமா?"

அவள் தலையாட்டினாள். மறைக்க இனி என்ன இருக்கிறது? அத்தனை பேர் கேட்கக் கத்தியாகிவிட்டது.

"வாரம் தவறாம அவர் பின்னால உள்ள போனேன்," என்றான். "அவர் சுத்தம்னு சொன்னதும் முகமூடியக் கழட்டிக் கழுத்துல போட்டுப்பேன். நீ மேல இருந்து பாத்துட்டு இருந்த. ராத்திரி ஒரே தட்டுல சாப்பிட்டோம்."

"அண்ணன் சத்தியம் வாங்கிட்டாருங்க. அவர் வேலை போயிடும்னு..."

"ஒவ்வொரு தடவையும் காலையில கிளம்புறப்போ 'பத்திரம்'னு சொல்லுவ." அவன் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "என்னைத்தான் சொல்றன்னு நினைச்சுட்டிருந்தேன்."

இல்லைங்க, உங்களைத்தான் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அவன் இருமத் தொடங்கினான். முதுகைத் தடவிவிட அவள் கை நீண்டது, அவன் எழுந்து நடைக்கூடத்தின் மறுமுனைக்குப் போய், அங்கே நின்று இருமினான்.